சிறைவாயிலில் நிற்கும் நூல்

சிறைத்தண்டனை ஒருவருடைய நடமாட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பறிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் உடலோடு சேர்ந்து உள்ளே போகும் மனம் எதை வாசிக்கலாம், யாருக்கு எழுதலாம், எதை நம்பலாம் என்பனவற்றையும் அத்தண்டனை தன் ஆளுகைக்குள் கொண்டுவந்துவிடுகிறதா என்ற கேள்விக்குத் தண்டனைச் சட்டங்கள் நேரடியாக விடை தருவதில்லை. நடைமுறையில் அந்த விடையைத் தருபவர் சிறையின் அஞ்சல் அறையில் அமர்ந்திருக்கும் ஊழியரே. வெளியிலிருந்து வரும் கடிதம், இதழ், நூல் ஆகிய ஒவ்வொன்றும் அவர் கையில் பிரிக்கப்பட்டு, புரட்டிப் பார்க்கப்பட்டு, கைதிக்குக் கொடுக்கப்படுகிறது, அல்லது ஒரு மறுப்புச் சீட்டுடன் அனுப்பியவருக்கே திரும்புகிறது. சிறைத் தணிக்கை என்பது இதுதான்.

இந்தத் தணிக்கையில் ஒரு வகை நூலுக்கு மட்டும் தனி இடம் தரப்பட்டுவந்திருக்கிறது. செய்தித்தாளை நிறுத்திய சிறைகளும், நாவலைத் திருப்பி அனுப்பிய சிறைகளும், வேதநூலைப் பெரும்பாலும் தடுக்காமல் உள்ளே விட்டிருக்கின்றன. இந்தச் சலுகை கருணையாகத் தோன்றுவதால் அதன் அடிப்படை என்ன என்று கேட்பவர் குறைவு. வேதநூல் அரசின் கை எட்டாத உயரத்தில் இருப்பதால் விடப்படுகிறதா, அல்லது அதனால் அரசுக்கு எந்தத் தொல்லையும் வராது என்ற நம்பிக்கையால் விடப்படுகிறதா? இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான காரணங்கள். அமெரிக்கச் சிறைகளிலிருந்து கடந்த அறுபது ஆண்டுகளில் நீதிமன்றம் ஏறிய வழக்குகளை அடுக்கி வாசித்தால், முதல் காரணத்தைச் சொல்லிக்கொண்டு இரண்டாம் காரணத்தின்படி நடந்துகொண்ட அரசையே பெரும்பாலும் காண முடிகிறது.

கைதியின் கையில் வேதநூலைக் கொடுக்கும் வழக்கம் நவீனச் சிறைக்குள் தண்டனையின் கருவியாகவே நுழைந்தது. 1787-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியா நகரில் தொடங்கப்பட்ட சிறைச் சீர்திருத்தச் சங்கத்தில் குவேக்கர்கள் பெரும்பங்கு வகித்தனர். குவேக்கர் என்போர், ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறையொளி உண்டு என்றும், குருமாரும் சடங்கும் இன்றி மௌனத்தில் அமர்பவருக்கு அது புலப்படும் என்றும் நம்பும் கிறித்தவப் பிரிவினர். சவுக்கடிக்கும் தூக்குமரத்துக்கும் மாற்றாகத் தனிமையையும் மௌனத்தையும் வைத்தால் குற்றவாளி தானே மனம் திரும்புவான் என்ற அவர்களுடைய எண்ணம், 1829-இல் அதே நகரில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, அதன் வளைந்த கூரையில் வானத்தை நோக்கிய ஒரு சிறு திறப்பு, செய்வதற்கு ஒரு கைத்தொழில், வாசிப்பதற்குப் பைபிள். அறையைவிட்டு வெளியே அழைத்துச் செல்லும்போது மற்றவர் முகம் தெரியாதிருக்கத் தலைமூடி. 1831-இல் பார்வையிட்ட பிரெஞ்சு அறிஞர் தொக்வில் இதில் நன்மை கண்டார். 1842-இல் வந்த சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட மனத்தை இப்படி மெல்லமெல்ல வதைப்பது கொடியது என்று எழுதினார். டிக்கன்ஸின் கண்டனம் தனிமையைப் பற்றியது. அந்தத் தனிமைக்குள் வைக்கப்பட்ட நூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: அது கைதி கேட்டுப் பெற்ற நூலன்று, அவனைத் திருத்துவதற்கென்று அரசு தேர்ந்தெடுத்த நூல்.

அந்த நூற்றாண்டு முழுவதும் கைதிக்கு உரிமை என்று ஒன்று இருப்பதாக நீதிமன்றங்கள் கருதவில்லை. 1871-இல் வர்ஜீனியா மாநிலத்தின் உயர்நிலை நீதிமன்றம் தண்டனைக் காலத்தில் கைதி அரசின் அடிமையே என்று வெளிப்படையாகத் தீர்ப்பெழுதியது. அதற்குப் பின்வந்த நீதிபதிகள் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூசினாலும், சிறைக்குள் நடப்பது சிறை அதிகாரியின் பாடு, அதில் நீதிமன்றம் தலையிடாது என்ற கொள்கையைப் பல பத்தாண்டுகள் கைக்கொண்டனர். விந்தை என்னவென்றால், அதே 1871-ஆம் ஆண்டில்தான், மாநில அதிகாரிகள் ஒருவருடைய அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால் அவர்கள்மீது மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்ற குடிமை உரிமைகள் சட்டமும் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் சிறைவாசிக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்குவதற்குத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் ஆயின.

அதைச் செய்வித்தது ஒரு சமய வெளியீட்டு வழக்கு. இலினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் இருந்த தாமஸ் கூப்பர், கறுப்பின மக்களிடையே எலைஜா முகமது வளர்த்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தைத் தழுவியவர். மற்றக் கைதிகள் தத்தம் சமய நூல்களைப் பெற்றுவந்தபோது, தம் சமயம் சார்ந்த வெளியீடுகளை வாங்கத் தமக்கு மட்டும் அனுமதியில்லை என்று அவர் வழக்காடினார். ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1963-இல் சாட்சி விசாரணை எதுவுமின்றி, அந்த இயக்கத்தைப் பற்றி வெளிவந்திருந்த சமூக ஆய்வுகளைத் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டு, சமயம் என்ற போர்வைக்குள் இருப்பது வேறொன்று என்ற முடிவுக்கு வந்து வழக்கைத் தள்ளியது. 1964-இல் உச்ச நீதிமன்றம் ஒரே பத்தியில் அத்தீர்ப்பை மாற்றி, கூப்பரின் வழக்கை விசாரித்தாக வேண்டும் என்றது. கைதிகளின் உரிமை வழக்குகளுக்கு வாயில் திறந்தது அந்த ஒரு பத்திதான். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது கீழ்நிலை நீதிமன்றத்தின் தருக்கம்: அடங்கியிருக்கச் சொல்லும் வேதம் சமயம் எனப்பட்டது, அடங்க மறுக்கச் சொல்லும் வேதமோ சமயமே அன்று என விலக்கப்பட்டது. விதியின் எழுத்தை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை, அந்த நூலின் இனத்தை மாற்றிச் சொன்னால் போதுமானதாக இருந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் டெக்சாஸிலிருந்து வந்த வழக்கில் இதே தருக்கம் வேறு முகத்துடன் தோன்றுகிறது. ஃபிரெட் குரூஸ் என்ற பௌத்தர், கத்தோலிக்க, புரோட்டஸ்டண்ட், யூதப் போதகர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து, பைபிளை இலவசமாக வழங்கி, சமய வகுப்புக்கு வருவோருக்கு முன்விடுதலைக்கு உதவும் நன்மதிப்பெண்ணும் தரும் சிறையில், தாம் பௌத்த வெளியீடுகளைச் சக கைதிகளுடன் பகிர்ந்துகொண்டதற்காக இரண்டு வாரம் தனிமைக் கொட்டடியில், ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உணவாக, செய்தித்தாளோ இதழோ கண்ணில் படாமல் அடைக்கப்பட்டதாக முறையிட்டார். வெளியிலிருக்கும் பௌத்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதவும் தடை என்றார். கீழ்நிலை நீதிமன்றங்கள் விசாரிக்காமலே தள்ளிய இம்முறையீடு உண்மையானால் அது சமய உரிமை மீறலே என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பைபிளுக்கு நன்மதிப்பெண், புத்தருடைய போதனைக்குக் கொட்டடி என்ற அந்த ஏற்பாட்டில், அரசு சமயத்தை மதித்தது என்று சொல்ல எதுவும் இல்லை.

சமயம் சாராத கடிதங்களும் நூல்களும் சென்ற பாதை இன்னும் கரடுமுரடானது. கலிஃபோர்னியச் சிறைகளில், அளவுக்கு மீறிக் குறை கூறும் கடிதங்களையும், மனக்குறைகளைப் பெரிதுபடுத்தும் கடிதங்களையும், தூண்டிவிடும் தன்மையுள்ள அரசியல், இன, சமயக் கருத்துகளைக் கொண்ட கடிதங்களையும் அதிகாரிகள் நிறுத்திவைக்கலாம் என்று விதி இருந்தது. குறை எந்த அளவைத் தாண்டினால் அளவுக்கு மீறியது ஆகும் என்பதை, யாரைப் பற்றிக் குறை சொல்லப்பட்டதோ அவரே தீர்மானித்தார். 1974-இல் புரோகுனியர் எதிர் மார்ட்டினெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை அகற்றியது. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், கைதிக்குப் பேச்சுரிமை எந்த அளவு எஞ்சியிருக்கிறது என்ற கேள்வியை லாவகமாகத் தவிர்த்து, கைதியோடு கடிதத் தொடர்பு கொண்டிருக்கும் வெளியாளின் உரிமை மீறப்படுகிறது என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். சிறைக்குள் போனவன் சிந்திப்பவனாகவும் தன்மதிப்பு உள்ளவனாகவும் இருப்பதை நிறுத்திவிடுவதில்லை என்ற வாதத்தை நீதிபதி தர்கூட் மார்ஷல் தம் தனிக் கருத்துரையில்தான் எழுத வேண்டியிருந்தது. கைதி வென்றார், ஆனால் வேறொருவருடைய உரிமையின் நிழலில் நின்று வென்றார்.

அந்த நிழலும் விரைவில் சுருங்கியது. 1987-இல் டர்னர் எதிர் சாஃப்லி வழக்கில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் வகுத்த அளவுகோலின்படி, சிறை விதி ஒன்று சிறை நிர்வாகத்தின் முறையான தேவை ஒன்றோடு பகுத்தறிவுக்கு ஒத்த தொடர்பு உடையதாக இருந்தால் போதும். கைதிக்கு வேறு வழி உண்டா, உரிமையை அளித்தால் காவலர்கள்மீதும் மற்றக் கைதிகள்மீதும் ஏற்படும் சுமை என்ன, எளிய மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்பன துணைக் கேள்விகள். 1989-இல் தார்ன்பர்க் எதிர் ஆபட் வழக்கு, வெளியிலிருந்து கைதிக்கு வரும் அச்சு வெளியீடுகள் அனைத்துக்கும் இந்தத் தளர்ந்த அளவுகோலையே விதித்தது. அவ்வழக்கில் ஆராயப்பட்ட மத்தியச் சிறைத் துறையின் விதியில் ஒரு நல்ல கூறும் உண்டு: ஒரு வெளியீட்டின் உள்ளடக்கம் சமயம், தத்துவம், அரசியல், சமூகம், பாலியல் சார்ந்தது என்பதற்காகவோ, அதன் கருத்து பலருக்குப் பிடிக்காதது, அருவருப்பானது என்பதற்காகவோ மட்டும் கண்காணிப்பாளர் அதை மறுக்கக் கூடாது, தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் எதையும் வைத்துக்கொள்ளவும் கூடாது, ஒவ்வொரு நூலையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆனால் ஓர் இதழில் ஒரு கட்டுரை மட்டும் பாதுகாப்புக்கு ஊறு என்று கருதப்பட்டால், அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு எஞ்சியதைக் கொடுக்கும் வேலை அதிகாரிக்கு இல்லை, இதழ் முழுவதையும் திருப்பி அனுப்பலாம் என்ற விதியையும் நீதிமன்றம் ஏற்றது. இரண்டு பக்கத்துக்காக அறுபது பக்கம் போகும்.

அதன்பின் 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறைவாசிகளின் உரிமைகளுள் சமய ஒழுகலாற்றுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. கைதியின் சமய வாழ்வுக்குக் கணிசமான சுமை ஏற்படுத்தும் எந்த விதிக்கும் அரசுத்தரப்பு தவிர்க்க முடியாத பொதுநலக் காரணம் காட்ட வேண்டும். அந்நலனை எட்ட அதைவிடக் குறைந்த கட்டுப்பாடுடைய வழி இல்லை என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். நார்டிக் தெய்வங்களை வழிபடுவோர், விக்கா நெறியினர், சாத்தானை வழிபடுவோர் ஆகியோர் ஒஹாயோச் சிறைகளிலிருந்து தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இச்சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆகவே இன்று ஒரே அஞ்சல் அறை மேசையில் வந்து விழும் இரண்டு பொட்டலங்களுக்கு இரண்டு சட்டங்கள்: ஒன்றில் சமய நூல் இருந்தால் அதைத் தடுக்க அரசு தன் தரப்பை நிறுவ வேண்டும், மற்றொன்றில் வரலாற்று நூல் இருந்தால் அதைத் தடுத்தது பகுத்தறிவுக்கு முற்றிலும் ஒவ்வாதது என்று கைதி நிறுவ வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு வலுவான ஒரு நியாயம் உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. இறைவனுக்கு மனிதன் ஆற்ற வேண்டிய கடமை, அவன் குடிமகனாவதற்கு முன்பே தோன்றியது, அரசுக்கு ஆற்ற வேண்டிய கடமையைவிட மேலானது என்று ஜேம்ஸ் மேடிசன் 1785-இல் வாதிட்டார். தனக்கு மேல் ஒரு நீதி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அரசு, அந்த நீதியோடு ஒரு மனிதர் வைத்திருக்கும் தொடர்பில் குறுக்கே நிற்கக் கூடாது என்பது இதன் சாரம். சிக்கல், அத்தொடர்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்டறிந்து சொல்லும் வேலையை இவ்வாதம் மறைமுகமாகச் சிறை அதிகாரியிடமே ஒப்படைக்கிறது என்பதில் தொடங்குகிறது.

1970-இல் அட்லாண்டா மத்தியச் சிறையில் ஹாரி தெரியால்ட் என்ற கைதி ‘சர்ச் ஆஃப் தி நியூ சாங்’ என்று ஒரு திருச்சபையைத் தொடங்கி, அதன் வழிபாட்டுக்கு மாட்டிறைச்சித் துண்டமும் உயர்வகை ஷெர்ரி மதுவும் வேண்டும் என்று கேட்டார். அதைச் சமயம் என்று ஏற்ற நீதிபதியும் உண்டு; மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது; வேறொரு வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சமயமாகவே ஏற்றது. சிரிப்புக்கிடமான வழக்குதான், ஆனால் நகைப்பு அடங்கியபின் கேள்வி அப்படியே நிற்கிறது. 2005-இல் விஸ்கான்சின் கைதி ஒருவர் நாத்திகர்களின் வாசிப்புக் குழு ஒன்று அமைக்க அனுமதி கேட்டபோது, 1963-இல் கூப்பரின் நம்பிக்கையைச் சமயமன்று என்று தள்ளிய அதே ஏழாம் வட்டார நீதிமன்றம், வாழ்வின் இறுதிக் கேள்விகளைப் பற்றிய உறுதியான நிலைப்பாடு என்ற முறையில் நாத்திகத்தையும் சமயத்துக்கு நிகராகவே நடத்த வேண்டும் என்றது. கடவுள் இல்லை என்பவர் தம் நூல்களைப் பெறுவதற்குச் சமயத்தின் வாசல் வழியாக நுழைய வேண்டிய நிலை, அந்த வாசலின் அமைப்பில் ஏதோ கோளாறு இருப்பதைக் காட்டுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றம், அதே மாநிலத்தில், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனை விளையாட்டின் நூல்களைக் கைப்பற்றியது சரியே என்று தீர்ப்பளித்தது; அதன் பிரியர்களுக்கு நுழைய எந்த வாசலும் இல்லை.

அரசு சமயத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதை 2007-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று நெருக்கமாகக் காட்டுகிறது. சிறைகளில் சமயத் தீவிரவாதம் பரவக்கூடும் என்று 2004-இல் நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் எழுப்பிய எச்சரிக்கையைத் தொடர்ந்து, மத்தியச் சிறைத் துறை வழிபாட்டுக்கூட நூலகங்களைச் சீர்படுத்தும் திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. இருபது சமயப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. பிரிவு ஒன்றுக்கு நூற்றைம்பது நூல்கள், நூற்றைம்பது ஒலி, ஒளி வெளியீடுகள் வரை ஏற்கப்பட்ட பட்டியல் ஒன்று தயாரானது. பட்டியலில் இல்லாதவை அலமாரியிலிருந்து இறக்கப்பட்டன. வன்முறையைத் தூண்டும் நூல் எது என்று தேடுவதற்கு மாறாக, ஏற்கத்தக்க நூல் எது என்று தேடியதுதான் இத்திட்டத்தின் சிறப்புப் பிழை. இருபதாம் நூற்றாண்டின் பெரும் புரோட்டஸ்டண்ட் இறையியலாளர்களான கார்ல் பார்த், ரைன்ஹோல்ட் நீபூர் போன்றோரின் படைப்புகள் பட்டியலில் இல்லை என்பது வெளிவந்ததும் சமய அமைப்புகள் கொதித்தெழுந்தன; நியூயார்க் மாநிலத்தின் ஓடிஸ்வில் சிறையைச் சேர்ந்த கைதிகள் வழக்குத் தொடுத்தனர். அந்த ஆண்டு செப்டம்பரில் துறை பின்வாங்கி நூல்களைத் திரும்ப வைத்தது. மறுஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்றில், வழிபாட்டுக்கூட நூல்களை எந்தக் குறுகிய காரணங்களுக்கு மட்டும் நீக்கலாம் என்று ஒரு பிரிவும் சேர்ந்தது. அஞ்சலில் வரும் நூல்களுக்குத் தடைப்பட்டியலே கூடாது என்று விதி வைத்திருந்த துறைதான், வழிபாட்டுக்கூடத்துக்கு அனுமதிப்பட்டியல் எழுதியது.

சமய நூல் தொல்லை தராது என்ற நம்பிக்கை எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு மாண்டலே சிறையைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1908-இல் அரசத்துரோகக் குற்றத்துக்காக ஆறு ஆண்டுத் தண்டனை பெற்றுப் பர்மாவுக்கு அனுப்பப்பட்ட பால கங்காதர திலகருக்கு, ஒரு கட்டத்தில் ஒரு நேரத்தில் நான்கு நூல்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. அவர் மேலிடத்துக்கு முறையிட்டபின் வரம்பு தளர்ந்து, விடுதலையாகும் வேளையில் அவருடைய அறையில் சில நூறு நூல்கள் சேர்ந்திருந்தன. எழுதுவதற்கு உதிரித்தாள் தரப்படவில்லை. பக்கங்கள் எண்ணப்பட்டு எண்ணிடப்பட்ட கட்டு நோட்டுகள் மட்டுமே தரப்பட்டன. மை கிடையாது, சீவித்தந்த பென்சில்களே எழுதுகோல். இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் 1910 நவம்பர் முதல் 1911 மார்ச் வரை அவர் எழுதி முடித்ததுதான் கீதா ரகசியம். தத்துவம்தானே எழுதுகிறார் என்று ஆட்சியாளர்கள் விட்டிருக்கக்கூடும். ஆனால் கீதையின் சாரம் துறவன்று, பலன் கருதாச் செயலே என்று நிறுவ முனைந்த அந்நூல் 1915-இல் வெளிவந்தபோது, நாட்டுக்காகச் செயலில் இறங்குவதற்கான சமய நியாயமாகவே பலரால் படிக்கப்பட்டது. எண்ணிடப்பட்ட நோட்டில் ஒரு தாளும் குறையவில்லை. தணிக்கையாளர் தம் கடமையைப் பிழையின்றிச் செய்திருந்தார்.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். 1970-களில் அங்கே இருந்த சன்னி வெங்கடரத்தினம், தம்மிடமிருந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் அட்டைமீது இந்துக் கடவுளர் படம் அச்சிட்ட தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, அதைத் தம் வேதநூல் என்று காவலரிடம் சொல்லிக் காப்பாற்றினார். அது கைக்குக் கை மாறியபோது, நெல்சன் மண்டேலா உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் தத்தமக்குப் பிடித்த பகுதியின் ஓரத்தில் கையொப்பமிட்டனர். சிறைவிதி வேதம் என்று எதை எண்ணியதோ, அந்தப் பயனை அவர்களுக்கு ஒரு நாடகநூல் தந்தது. அது பொய் சொல்லி உள்ளே வந்தது என்று யாராவது குறைகூறினால், பொய்யின் பழி அந்த வகைப்பாட்டையே சேரும்.

பென்சில்வேனியாவில் இக்கதை மேலும் ஒரு சுற்று வந்தது. மிகவும் அடங்காதவர்கள் என்று கருதப்பட்ட கைதிகளுக்கான நீண்டகாலத் தனிமைப் பிரிவில், கீழ்நிலைப் படியில் இருந்தோருக்குச் செய்தித்தாள், இதழ், குடும்பத்தினரின் ஒளிப்படம் எதுவும் தரப்படவில்லை. சமய நூல்களும் சட்ட நூல்களும் இரண்டு நூலகப் புத்தகங்களும் மட்டும் அனுமதிக்கப்பட்டன. இழப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாதவர்களிடம் நன்னடத்தையை வரவழைக்க வாசிப்பைப் பறிப்பதே எஞ்சிய வழி என்று மாநிலம் வாதிட்டது. 2006-இல் பியர்ட் எதிர் பாங்க்ஸ் வழக்கில் நீதிபதி பிரயர் முதன்மைக் கருத்துரை எழுத, உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் தம் மறுப்புத் தீர்ப்பில், இது மனத்தையே அரசு ஆட்டிவைக்கும் முயற்சிக்கு ஆபத்தான அளவு நெருங்கிவருகிறது என்று எச்சரித்தார். 1829-இல் அதே மாநிலம் வெறுமையான அறையில் பைபிளை வைத்து மனமாற்றத்தை எதிர்பார்த்தது. 2006-இல் அறையைக் காலி செய்து, பைபிளையும் வேறு சில நூல்களையும் மட்டும் விட்டுவைத்து, கீழ்ப்படிதலை எதிர்பார்த்தது. முன்னதில் தவறானதாயினும் ஓர் ஆன்மிக நோக்கம் இருந்தது. பின்னதில் வேதநூல், சட்டப்படி எடுக்க முடியாததால் மிஞ்சிய பொருள் மட்டுமே.

சிறை நிர்வாகத்தின் தரப்பில் பொருட்படுத்தத்தக்க கவலைகள் இல்லாமலில்லை. செயற்கைப் போதைப்பொருளைக் கரைசலாக்கிக் கடிதத்தாளில் ஊறவைத்து அனுப்பும் வழக்கம் அமெரிக்கச் சிறைகளில் மெய்யான தொல்லையாகியிருக்கிறது. நூலின் அட்டைக்குள் பொருளை ஒளித்து அனுப்பக்கூடும் என்பதால், கெட்டி அட்டை நூல்களைப் பதிப்பகமோ புத்தகக்கடையோ நேரடியாக அனுப்ப வேண்டும் என்ற விதி 1979-இலேயே ஏற்கப்பட்டது. 2018 செப்டம்பரில் பென்சில்வேனியா, கைதிகளுக்கு வரும் சொந்தக் கடிதங்களை ஃபுளோரிடாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்குத் திருப்பி, அங்கே வருடியெடுத்த நகல்களையே கைதிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. தாய் எழுதிய தாளைத் தொடும் வாய்ப்பு இவ்வாறு போயிற்று. வழக்கறிஞர் கடிதங்களையும் நகலெடுத்தபோது வழக்குகள் எழுந்து, 2019-இல் அந்த வழக்கம் மட்டும் சமரசத்தில் கைவிடப்பட்டது. எனினும் இந்தக் கவலைகள் எல்லாம் தாளையும் அட்டையையும் பற்றியவை. தாளில் எழுதியிருப்பதைப் படித்துத் தீர்மானிக்கும் அதிகாரத்துக்கு அவை சான்றாகா; குறிப்பாக, எது வேதம் எது வேதமன்று என்று பிரிக்கும் அதிகாரத்துக்குத் துளியும் ஆகா.

அப்படியானால் உரிமையின் வேர் நூலில் இல்லை, வாசகனிடம் இருக்கிறது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. தண்டனைக்கு ஒழுக்க நியாயம் தேடும் எந்தக் கொள்கையும், தண்டிக்கப்பட்டவர் தம் செயலைத் தாமே எடைபோடக்கூடிய ஒருவர் என்று ஏற்றாக வேண்டும். இல்லாவிடில் அவரைக் குற்றவாளி என்று அழைப்பதே பொருந்தாது. எடைபோடும் மனத்துக்கு என்ன வேண்டும் என்பதற்கு, பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் வில்வோர்டே கோட்டையில் அடைபட்டிருந்தவருமான வில்லியம் டிண்டேலின் கடிதம் நல்ல விளக்கம். மரணதண்டனைக்கு முந்திய குளிர்காலத்தில் லத்தீனில் எழுதிய அக்கடிதத்தில் அவர் வெதுவெதுப்பான ஒரு தொப்பியும், மாலையில் ஏற்ற ஒரு விளக்கும், எபிரேய பைபிளும், அதனோடு எபிரேய இலக்கணமும் அகராதியும் கேட்டார். வேதத்துக்கு ஒரு சட்டமும் இலக்கணத்துக்கு ஒரு சட்டமும் வைத்தால், டிண்டேலுக்கு வேதம் கிடைத்தும் பயனில்லை. போர்ப்பணியை மனச்சாட்சியின்பேரில் மறுப்போர் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1970-இலேயே, கடவுள் நம்பிக்கை சாராத ஒழுக்க உறுதியும் அதே வலிமையோடு ஒருவரைப் பிணிக்குமானால் அதே பாதுகாப்புக்கு உரியது என்று ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டது. சிறைக் கதவுக்குள் மட்டும் அந்த ஒப்புதல் போகவில்லை.

இந்தியச் சட்டம் ஒரு முறை இந்த இடத்துக்கு வேறொரு வழியில் வந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் பம்பாய்ச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி, அணுவின் உள்ளமைப்பைப் பற்றி மராத்தியில் எழுதிய அறிவியல் நூலின் கைப்பிரதியை அச்சிடுவதற்காக மனைவிக்கு அனுப்ப முனைந்தபோது மாநில அரசு மறுத்தது. காவல் நிபந்தனைகளில் எழுதித் தரப்பட்டவை மட்டுமே அவருக்கு உள்ள சலுகைகள், நூல் அனுப்புவது அதில் இல்லை என்பது அரசின் வாதம். இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி சுப்பா ராவ் அதைத் தலைகீழாக்கினார்: நிபந்தனைகளில் பறிக்கப்படாதது எதுவோ அது அவருடையதே, அதைத் தடுப்பது தனிமனிதச் சுதந்திரத்தில் கைவைப்பதாகும். 2013-இல் பிரிட்டன் அரசு நூல்களை நன்னடத்தைக்குப் பரிசாகத் தரும் சலுகைகளின் வரிசையில் சேர்த்து, உறவினர்கள் அனுப்பும் பொட்டலங்களை நிறுத்தியபோது, மறுஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி காலின்ஸ் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, நூலைச் சலுகை என்று சொல்வதே வினோதம் என்றார். மும்பைக்கு அருகே தலோஜா சிறையில் இருந்த செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகாவுக்கு வந்த பி. ஜி. வோட்ஹவுஸின் நகைச்சுவை நூல் பாதுகாப்புக்கு ஆபத்து என்று திருப்பி அனுப்பப்பட்டதை 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வேடிக்கை என்றே குறிப்பிட்டதைப் பார்த்தால், சுப்பா ராவின் தீர்ப்பு இன்னும் அஞ்சல் அறை வரை எட்டவில்லை என்று தெரிகிறது.

அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று, சிறை விதி நியாயமற்றது என்று மெய்ப்பிக்கும் சுமை கைதியின்மேலேயே என்று உறுதிசெய்தது. சமய நூல்களைப் பொறுத்தவரை அந்தச் சுமையை அரசின்மேல் ஏற்றியபோது, சிறை நிர்வாகமே நிலைகுலையும், தந்திரக்காரர்கள் எல்லாரும் திடீர் பக்தர்களாவர் என்று மாநிலங்கள் அஞ்சின. தந்திரக்காரர்கள் சிலர் வரத்தான் செய்தனர், நீதிமன்றங்கள் அவர்களை வழக்குக்கு வழக்கு பிரித்தறிந்து அனுப்பின. கால் நூற்றாண்டாகச் சமய நூலுக்கு நடைமுறையில் தாங்கக்கூடியதாக இருந்த அந்த விதி, இலக்கணத்துக்கும் நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் தாங்காது என்று சொல்பவர்கள், காரணத்தைத் தாளிலோ அட்டையிலோ காட்ட வேண்டும். இதுவரை அவர்கள் காட்டியிருப்பது நூலின் பெயரை மட்டுமே.